மழைக்குப் பிறகு போர் தண்ணீரில் நாற்றம்: கக்கூஸ் குழிதான் காரணமா?

பெரும்பாலும் ஆமாம். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ பாத்திரம் கழுவவோ இன்றே நிறுத்திவிடுங்கள்.

மழைக்குப் பிறகு போர்வெல் தண்ணீர் நாறுகிறது, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று எழுதி, குழிக்கும் போருக்கும் 25 அடி இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். மண் ஆழமாக இருக்கிற ஊரில் அது ஓரளவு தாங்கும், ஆனால் நம் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு பக்கம் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை, அந்தப் பாறை வெடிப்பு வழியாகக் கழிவுநீர் வடிகட்டப்படாமலே ஓடிவிடும்.

முதலில் போர் வாயைப் பாருங்கள். கேசிங் பைப்பை (போர் துளைக்குள் இறக்கியிருக்கும் வெளிக்குழாய்) தரையோடு தரையாக அறுத்துவிட்டு, சுற்றிலும் சிமெண்ட் மேடை போடாமல் விட்டிருந்தால், முற்றத்து மழைநீர் பைப் ஓரமாகவே இறங்கும். எங்கள் வீட்டில் அந்த இடைவெளியில் என் சுண்டுவிரல் நுழைந்தது.

அப்புறம், இரட்டைக் குழிக் கக்கூஸ் என்றால், குழிகளுக்கு முன்னால் கழிவை ஏதாவது ஒரு குழிக்குத் திருப்பிவிடுகிற சின்னத் தொட்டியின் மூடியைத் திறங்கள். குழிகளுக்குப் போகிற இரண்டு வழியில் ஒன்று அடைத்திருக்க வேண்டும். இரண்டும் திறந்திருந்தால் இரண்டு குழியும் ஒன்றாக நிரம்பும். நிரம்பிய குழியை மூடி 2 வருடமாவது ஆறவிட்டால்தான் உள்ளே இருப்பது எருவாகும்.

உறுதி செய்ய ஹெச்2எஸ் பாட்டில் (தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை பாட்டில்) வாங்கித் தண்ணீர் நிரப்பி வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் மலக்கலப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கறுக்கவில்லை என்றாலும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் இருக்கிற, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு போகாது. குடிக்க ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டக் குழாய்த் தண்ணீரே பிடியுங்கள், அதையும் காய்ச்சி. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்கும் வரை ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள், சோர்ந்து படுத்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.