விதைநெல் மூட்டையில் 80 சதவீதம், ஈரச் சாக்கில் 71

கேள்வி: சம்பா பட்டத்துக்கு விதைநெல் வாங்கினேன். குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம் என்று அட்டையில் இருக்கிறது. ஈரச் சாக்கில் நூறு விதையைச் சுற்றி வைத்துப் பார்த்தேன், 71தான் முளைத்தது. "நூறு விதையில் முன்பின் வரத்தான் செய்யும்" என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வதை ஏற்கலாமா?

பதில்: முன்பின் வரும் என்பது உண்மை. எவ்வளவு வரும் என்பதைத்தான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். அதற்குக் கணக்கு இருக்கிறது. புள்ளியியலில் அதை விகிதத்துக்கான கருதுகோள் சோதனை என்பார்கள்.

முதலில் அட்டை சொல்வதை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். 0.8ஐ 0.2ஆல் பெருக்கி, 100ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.04. நூறு விதைக்கு 4 விதை ஏறி இறங்குவது இயல்பு என்று பொருள். 76 முளைத்திருந்தால் நானும் கடைக்காரர் பக்கமே நின்றிருப்பேன். உங்களுக்கோ 9 குறைந்திருக்கிறது; இயல்பான ஏற்ற இறக்கத்தைப் போல் இரண்டே கால் மடங்கு. நல்ல மூட்டையிலிருந்து 71 அல்லது அதற்கும் குறைவாக முளைப்பது நூறு முறையில் சுமார் இரண்டு முறைதான் நடக்கும். ஐந்து முறைக்குக் கீழே போனாலே சந்தேகப்படுவது வழக்கம். உங்கள் சந்தேகம் நியாயமானது.

இருபது விதையில் 14 முளைத்தது என்று எழுதியிருந்தால் என் பதில் வேறு. அது 70 சதவீதம்தான், உங்களுடையதைவிடக் குறைவு; ஆனாலும் நல்ல மூட்டையிலும் ஐந்தில் ஒரு முறை அப்படி நேரும். ஆய்வகங்கள் 400 விதை எண்ணுவது இதனால்தான். அங்கே ஏற்ற இறக்கம் 2 சதவீதமாகச் சுருங்கிவிடும்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. மூட்டையின் மேலிருந்து மட்டும் விதை எடுத்தீர்களா? புதிதாக அறுத்த நெல்லா? அப்படியானால் விதை உறக்கத்தாலும், அதாவது உயிருள்ள விதையே சில காலம் முளைக்காமல் இருப்பதாலும், முளைப்பு குறையும். ஆகவே மூட்டையின் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்து, விதைப் பரிசோதனை நிலையத்தில் பணி விதை மாதிரியாக (விவசாயி தானே கொண்டுபோய்ப் பரிசோதிக்கக் கொடுக்கும் மாதிரி) கொடுங்கள்.

விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆய்வக முடிவும் 80க்குக் கீழே வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ரசீது, அட்டை, மிச்ச விதை மூன்றையும் பத்திரமாக வையுங்கள். முடிவு வரும்வரை அந்த விதையை நாற்றங்காலில் தூவ வேண்டாம்.