எந்தப் பள்ளியில் படித்தாய்?

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் கிளாஸ்கோவில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். வந்து ஏழு மாதம் ஆகிறது. உடன் தங்கியிருக்கும் நண்பர்கள் என்னை செல்டிக் என்ற இந்த ஊர்க் கால்பந்து அணியின் ரசிகனாக்கிவிட்டார்கள். பச்சை வெள்ளைச் சட்டை வாங்கிவிட்டேன். எதிரணியான ரேஞ்சர்ஸை ஜெயித்த அன்று இரவு பப்பில் நாங்கள் பாடியதை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். ஊரிலிருக்கும் என் அக்கா அந்தப் பாட்டுக்கு அர்த்தம் தேடிப் பார்த்துவிட்டு, "குண்டு வைத்தவர்களைப் புகழ்ந்து பாடுகிறாய், தெரியுமா?" என்று சண்டை போட்டாள். ஆனால் என் நண்பர்கள் யாரும் சர்ச் பக்கமே போகாதவர்கள். ரேஞ்சர்ஸ்காரர்களும் அப்படித்தான். ஆகவே இது மத வெறுப்பு ஆகாது, வெறும் ஜாலிதான் என்பது என் எண்ணம். செல்டிக் ஏழைகளின் அணி, அதன் பக்கம் நிற்பது நியாயம்தானே? கால்பந்துதான் இன்றைய மதம் என்கிறார்களே, சரியா? 2012ல் திவாலான பிறகு வந்த ரேஞ்சர்ஸ் பழைய கிளப்தானா? கால்பந்து பற்றி நல்ல நாவல் ஏதாவது சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

நீ என் மகன் வயது. 'நீங்கள்' என்று எழுதினால் கை ஓடவில்லை, ஒருமையிலேயே எழுதுகிறேன்.

நாவலை இன்னொரு நாள் பார்ப்போம். ரேஞ்சர்ஸ் பழைய கிளப்பா புதிய கிளப்பா என்ற பேச்சை அந்த ஊரில் எந்தப் பப்பிலும் எடுக்காதே. கால்பந்து மதமா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. 'யாரும் சர்ச்சுக்குப் போவதில்லை, ஆகவே ஜாலி' என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். பல வருடமாக என்னை அறுத்துக்கொண்டிருக்கும் வரி அது.

1994 செப்டம்பரில் நான் கிளாஸ்கோவில் போய் இறங்கினேன். டென்னிஸ்டவுனில் ஒரு பழைய கல் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அறை. வீட்டுக்காரம்மாவுக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. முதல் நாள் டீ போட்டுக் கொடுத்தார். என்ன படிக்க வந்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்று கேட்டார். பாளையங்கோட்டையில் சிஸ்டர்மார் நடத்திய பள்ளியின் பெயரைச் சொன்னேன். புனிதர் பெயர் வைத்த பள்ளி. "ஓ, அப்படியா" என்று பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்திருக்கிறேன், என்னை ஆர்.சி. கணக்கில் சேர்த்துவிட்டார்கள்!

அங்கே பள்ளியின் பெயர் தெரிந்தால் மதம் தெரிந்துவிடும், மதம் தெரிந்தால் அணி தெரிந்துவிடும்: கத்தோலிக்கர் என்றால் செல்டிக், புராட்டஸ்டண்ட் என்றால் ரேஞ்சர்ஸ். எனக்கு அந்தக் கேள்வி புதிதாகவும் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் 'எந்தத் தெரு?' என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்ப்பார்கள். அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டு அடுத்த பையனை அடிக்கிறவன் எந்தச் சாமியை நினைத்து அடிக்கிறான், சொல்.

இரண்டு மதத்துக்கும் நடுவே வேலி போட்டவர்கள் நம்பிக்கையோடு போட்டார்கள். அது உண்மை. 1840களின் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கத்தோலிக்கர்களை அந்த நகரம் மனிதராக நடத்தவில்லை. 1923ல்கூட புராட்டஸ்டண்டுகளின் ஸ்காட்லாந்து திருச்சபை, ஐரிஷ்காரர்களால் ஸ்காட்லாந்து இனத்துக்கே ஆபத்து என்று ஓர் அறிக்கை வைத்தது. அதற்கு வருத்தம் தெரிவிக்க 2002 வரை ஆனது. ரேஞ்சர்ஸ் கிளப் நான்கு இளைஞர்கள் 1872ல் விளையாட்டாகத் தொடங்கியது. பின்னால் அது புராட்டஸ்டண்டுகளின் கோட்டையானது. 1912ல் அயர்லாந்தின் வடக்கே உள்ள பெல்ஃபாஸ்டின் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கம்பெனி கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் கப்பல் பட்டறை திறந்தபோது அங்கிருந்து வந்த தொழிலாளர்கள் தங்கள் ஊர்ப் பகையையும் கூடவே கொண்டுவந்தார்கள். கத்தோலிக்கனை எடுப்பதில்லை என்பது எழுதாத சட்டமாக அந்த கிளப்பில் பல பத்தாண்டுகள் இருந்தது. 1989ல் பயிற்சியாளர் கிரேம் சூனஸ், மோ ஜான்ஸ்டன் என்ற கத்தோலிக்கரை, அதுவும் முன்னாள் செல்டிக் ஆட்டக்காரரைக் கொண்டுவந்தார். ரசிகர்கள் ஸ்கார்ஃபைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். கொளுத்தியவர்களில் எத்தனை பேர் அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனார்கள் என்று நினைக்கிறாய்?

வெறுப்புக்கு நம்பிக்கை தேவையே இல்லை, தம்பி. நம்பிக்கை இருக்கிறவனுக்காவது ஒரு பாதிரியார் இருக்கிறார், பாவம் என்ற பயம் இருக்கிறது, மண்டியிட வேண்டிய ஒரு நாள் வருகிறது. அது போய்விட்டு நிறம் மட்டும் மிஞ்சியவனை எதைச் சொல்லி நிறுத்துவாய்? 1948 டிசம்பர் 27 அன்று பெல்ஃபாஸ்டில் புராட்டஸ்டண்டுகளின் அணியான லின்ஃபீல்டுக்கும் கத்தோலிக்கர்களின் அணியான பெல்ஃபாஸ்ட் செல்டிக்குக்கும் ஆட்டம். முடிந்ததும் லின்ஃபீல்டு ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி பெல்ஃபாஸ்ட் செல்டிக் ஆட்டக்காரர் ஜிம்மி ஜோன்ஸை இழுத்துப் போட்டுக் காலை உடைத்தார்கள். ஜிம்மி ஜோன்ஸ் புராட்டஸ்டண்ட். அடித்தவர்களின் மதமேதான் அவருக்கும். அவர்கள் பார்த்தது சட்டையை. அந்தப் பருவத்தோடு பெல்ஃபாஸ்ட் செல்டிக் லீக்கை விட்டே போய்விட்டது. 'எங்களுக்கு மதம் முக்கியமில்லை' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு அந்தக் கால்தான் ஞாபகம் வருகிறது.

ஏழைகளின் அணி என்கிறாய். சரி, அந்தக் கதையையாவது முழுசாகத் தெரிந்துகொள். பிரதர் வால்ஃப்ரிட் என்ற கத்தோலிக்கத் துறவி 1887ல் செல்டிக்கைத் தொடங்கியது கிளாஸ்கோவின் கிழக்குப் பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போடப் பணம் வேண்டும் என்று. 1888 மே மாதம் முதல் ஆட்டம், எதிரணி யார் தெரியுமா? ரேஞ்சர்ஸ். நட்பு ஆட்டம். 1967ல் செல்டிக் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பையை வென்றதே, அந்த அணியை உருவாக்கிய ஜாக் ஸ்டைன் புராட்டஸ்டண்ட். இறுதியாட்டத்தில் சமன் செய்த கோலை அடித்த டாமி கெம்மெலும் புராட்டஸ்டண்ட். உன் நண்பர்கள் இவர்கள் படம் போட்ட கொடியைப் பிடித்துக்கொண்டுதான் ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக் குழுவின் பாட்டைப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டால் எந்தப் பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு கிடைத்தது? ரேஞ்சர்ஸ் பக்கத்திலும் கத்தோலிக்கர் ரத்தத்தைப் பற்றிப் பாடுகிறார்கள், அதற்கு 2006ல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யுவேஃபா அபராதமே போட்டது. அவர்கள் பாடுகிறார்கள் என்று நீ பாட வேண்டுமா?

1995 அக்டோபரில் நான் அந்த ஊரில் இருந்தேன். செல்டிக் மைதானத்திலிருந்து வீட்டுக்கு நடந்து போன 16 வயதுப் பையன் ஒருவனை பிரிட்ஜ்டனில் கழுத்தை அறுத்துக் கொன்றார்கள். அன்றைய ஆட்டம் ரேஞ்சர்ஸோடுகூட இல்லை. என் அறையிலிருந்து நடந்துபோகிற தூரம். மறுநாள் வீட்டுக்காரம்மாவின் பேரன் வந்தான், அவனுக்குப் பதினைந்து வயது, பச்சை ஸ்கார்ஃப் போடுகிறவன். அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவன் கிளம்பும்போது ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். அந்தக் கை நடுங்கியதை நான் பார்த்தேன். செத்துப்போன பையனின் பள்ளித்தோழி ஒருத்தி பின்னால் இந்த வெறுப்புக்கு எதிராக 'நில் பை மவுத்' என்ற அமைப்பைத் தொடங்கினாள். உனக்கு ஜாலியாக இருக்கிற அதே பாட்டைக் கேட்டு வளர்ந்த ஊர்ப் பெண்தான் அவளும். இந்த விஷயத்தில் அந்தச் சொல்லை இனி எழுதாதே.

அன்று ராத்திரி வீட்டுக்காரம்மா தன் கணவரைப் பற்றிப் பேசினார். அவர் புராட்டஸ்டண்ட், ரேஞ்சர்ஸ்காரர். இந்தம்மா கத்தோலிக்கர். கல்யாணத்துக்கு இந்தம்மாவின் அப்பா வரவில்லை. பதினைந்து வருடம் பேச்சே கிடையாது. 1971 ஜனவரி 2, ரேஞ்சர்ஸின் சொந்த மைதானமான ஐப்ராக்ஸில் ரேஞ்சர்ஸ் செல்டிக் ஆட்டம். கடைசி நிமிடங்களில் செல்டிக் ஒரு கோல், ரேஞ்சர்ஸ் ஒரு கோல், 1-1. கூட்டம் வெளியேறும்போது பதின்மூன்றாம் படிக்கட்டில் நெரிசல். 66 பேர் செத்தார்கள், நிறையப் பேர் சின்னப் பையன்கள். கணவர் ஒற்றைச் செருப்பும் இல்லாமல், ராத்திரி பத்து மணிக்கு நடந்தே வீடு வந்து சேர்ந்தார். பதினொரு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அப்பா. "அவன் வந்துவிட்டானா?" என்று கேட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். நின்றபடியே ஒரு கப் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்கு அப்புறமும் அவர் அந்த வீட்டுக்கு வரவில்லை. அந்தம்மா இதைச் சொல்லும்போது அழவில்லை, நான்தான் அழுதேன்.

அந்த மாதம் கத்தோலிக்கப் பேராலயத்தில் நடந்த பூசையில் இரண்டு அணி ஆட்டக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஹாம்ப்டன் மைதானத்தில் ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் ஒரே அணியாக நின்று ஸ்காட்லாந்தோடு ஆடி, செத்தவர் குடும்பங்களுக்குப் பணம் திரட்டின. அடுத்த பருவத்தில் பாட்டுகள் திரும்ப வந்துவிட்டன.

அந்த வீடியோவை எடுத்துவிடு. அக்காவுக்கு ஃபோன் செய்து அவள் சொன்னது சரி என்று சொல். சட்டையைத் தூக்கிப்போட வேண்டாம், செல்டிக் ஆடுவது அழகுதான், போய்ப் பார். பாட்டு தொடங்கும்போது வாயை மூடிக்கொள், உன் நண்பர்கள் கேட்டால் காரணத்தைச் சொல்.

அப்புறம் ஒரு வேலைநாளில், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, சுரங்க ரயிலில் ஐப்ராக்ஸுக்குப் போ. மைதானத்தின் மூலையில் ஜான் கிரெய்கின் சிலை இருக்கும், அன்றைய ரேஞ்சர்ஸ் கேப்டன். அதன் கீழே செத்தவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். எல்லாப் பெயரையும் நின்று படி. பச்சைச் சட்டை அன்றைக்கு வேண்டாம்.