கத்தோலிக்க விசுவாசம் குடும்பத்தைச் சேர்த்து வைக்குமா?

"வேலையும் வருமானமும் நிச்சயமில்லாத இந்தக் காலத்தில் கத்தோலிக்க விசுவாசம் ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்கிறவர் வீட்டில் பெரும்பாலும் யாரோ ஒருவர் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டு பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்திருப்பார். உங்கள் வீட்டிலும் அதுதான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். நான் இறையியல் படித்தவள் இல்லை, கோத்தகிரிப் பக்கம் எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற குழுவில், ஜெபமாலை சொல்ல ஆரம்பித்து வைக்கிறவள், அவ்வளவுதான்.

அப்பா சிலோன்காரர். 1964 சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் (இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தம்), யாரையும் கேட்காமல், கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. தகரப் பெட்டியில் அவர் கொண்டுவந்த மருதமடு மாதா படம்தான் இன்றும் எங்கள் வீட்டுப் பீடத்தில் இருக்கிறது.

தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போன இடத்தில் சபையில் சேர்ந்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் பெண்டாட்டி பிள்ளையோடு வந்துவிட்டான். வேலை போச்சு, கையில் கடன். வந்த வாரமே அந்தப் படத்தைக் கழற்றச் சொன்னான். "விக்கிரகம் இருக்கிற இடத்தில் என் பிள்ளை ஜெபிக்காது" என்றான். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பா இறந்த பிறகு மனசு கனக்கும்போதெல்லாம் ஊட்டி காந்தலில் இருக்கிற குருசடித் திருத்தலத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார், அதற்கும் பஸ் கிடையாது. மாதா டிவியில் பூசை போட்டால் தம்பி எழுந்து வெளியே போய்விடுவான்.

மார்ச் 27 அன்று போப் பிரான்சிஸ் ஆளில்லாத பேதுரு சதுக்கத்தில் மழையில் தனியாக நின்று ஆசீர்வதித்ததை மட்டும் கதவோரமாக நின்று பார்த்தான். அதைப் பார்த்து மனம் மாறினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் ஒரு ராத்திரி ஜெபமாலை முடிந்ததும் நான் தோபித்து ஆகமம் வாசித்தேன். உடனே, "இது வேதத்திலேயே இல்லை" என்றான். அவன் பைபிளில் 66 புத்தகம், நம்முடையதில் 73. இருக்கட்டும், கதையாகக் கேள் என்று வாசித்தேன். நினிவேக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட குடும்பம், தோபித்துக்குக் கண் தெரியாது, மனைவி அன்னா நெசவு நெய்து சம்பாதிக்கிறாள். ஒரு நாள் கூலியோடு சேர்த்து ஓர் ஆட்டுக்குட்டியும் கொடுத்து அனுப்புகிறார்கள். "எங்கே திருடினாய், திருப்பிக் கொடு" என்கிறார் அந்தப் பக்திமான். அவள், "உம்முடைய தானதர்மமெல்லாம் எங்கே போச்சு?" என்று திருப்பிக் கேட்கிறாள்.

அதைக் கேட்டுத் தம்பி பெண்டாட்டி களுக்கென்று சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தார். அப்புறம் அம்மா கேட்டார்: "சரிடா, உன் ஆட்டுக்குட்டி எது? எதைச் சந்தேகப்படுகிறாய்?"

அப்போதுதான் வெளியே வந்தது. நானும் கணவரும் அம்மாவோடு இருக்கிறோம், வீட்டுப் பட்டா இன்னும் அப்பா பேரில். அக்கா தன் பேருக்கு எழுதி வாங்கிவிடுவாள் என்று யாரோ அவன் காதில் போட்டிருக்கிறார்கள். மாதா படம் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டது. மறுநாள் கணவர், தம்பி, நான், அம்மா உட்கார்ந்து பேசினோம். அம்மா காலம் வரை விற்பதில்லை, பிறகு இரண்டு சம பங்கு என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

"இதில் விசுவாசம் எங்கே வந்தது, பத்திரம்தானே?" என்று ஒருவர் கேட்பார், தெரியும். ராத்திரி ஏழரைக்கு எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும் என்ற வழக்கம் மட்டும் இல்லாவிட்டால், பேச்சே இல்லாத அந்த வீட்டில் ஆட்டுக்குட்டியைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்? குடும்பத்தை 'இல்லத் திருச்சபை' என்று உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னதும் அதே 1964இல், நவம்பரில். அப்பாவைக் கப்பலேற்றிய ஒப்பந்தம் அக்டோபரில். அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் ரசித்திருப்பார்.

கடன் மட்டும் அப்படியே நின்றது. அதை அடைக்கலாம் என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அரை ஏக்கர் தேயிலையில் உரத்துக்குப் போட்ட காசே வருவதில்லை. பச்சை இலையை என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். சீசனுக்கு வருகிறவர்கள் அதே இலையை ஏலக்காய் டீ, சாக்லேட் டீ என்று டப்பாவில் என்ன விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்றும் பாருங்கள். மிச்சமிருக்கிற செடியைக் காட்டுமாடு மிதிக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் நிச்சயமில்லாத காலம் என்று நீங்கள்தானே ஆரம்பித்தீர்கள்.

தம்பி இன்னும் சபையில்தான் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வந்தால் ஜெபமாலை நேரத்தில் லூக்கா முதல் அதிகாரம் வாசிப்பான். மாதா ஜெபத்தில் "வாழ்க" என்று வருகிற முதல் பாதி வேதவசனம் என்று ஒப்புக்கொள்வான், "அர்ச்சிஷ்ட மரியாயே" வந்ததும் வாயை மூடிக்கொள்வான். அம்மா அவனை வற்புறுத்துவதில்லை. நீங்களும் உங்கள் வீட்டில் சபைக்குப் போனவரை வற்புறுத்தாதீர்கள், முதலில் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள்.

பெந்தெகொஸ்தே சகோதரர்கள் 66ஆ 73ஆ என்று கமெண்ட்டில் ஆரம்பிக்க வேண்டாம். அதற்கு எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறான்.