தேனீ கொட்டிய மறுநாள் வீக்கம் கூடுகிறதே, ஏன்?

கேள்வி: எட்டு வயது மகனை முந்திரித் தோப்பில் தேனீ கொட்டிவிட்டது. புறங்கையில் ஒரே கொட்டுதான். மாமியார் உடனே கொடுக்கைப் பிடுங்கிச் சுண்ணாம்பு தடவினார். மறுநாள் காலையில் மணிக்கட்டைத் தாண்டி வீங்கிச் சிவந்து சூடாக இருந்தது. அரிக்கிறது என்று அழுதான். சீழ் பிடிக்குமோ என்று பயம். பெரியவனுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப் மிச்சம் இருக்கிறது, கொடுக்கலாமா? கையில் கோயில் கயிறு கட்டியிருப்பதால் குளிப்பாட்டவும் யோசனையாக இருக்கிறது.
- ஒரு தாய், பண்ருட்டி அருகே

பதில்: அந்த சிரப் வேண்டாம் அம்மா. இது வெளியாவதற்குள் வீக்கம் வடிந்திருக்கும். ஆனால் தோப்பு அங்கேயேதான் இருக்கிறது, பையனும் அங்கேதான் விளையாடுவான். அதனால் அடுத்த முறைக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கயிறு. கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கோ அதுதான் கண்ணில் பட்டது. கை வீங்க வீங்கக் கயிறு இறுகி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். மோதிரம், காப்பு, கயிறு எதுவானாலும் கொட்டிய உடனே கழற்றுங்கள், வராவிட்டால் வெட்டிவிடுங்கள். வீக்கம் வடிந்த பிறகு வேறு கயிறு கட்டிக்கொள்ளலாம்.

மறுநாள் வீக்கம் கூடுவது விஷத்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. 24 முதல் 48 மணி நேரம் வரை ஏறும், அப்புறம் மெல்ல வடியும். முழுதாக அடங்க ஒரு வாரம்கூட ஆகலாம். சீழ் பிடிப்பது அபூர்வம், அதுவும் இவ்வளவு சீக்கிரம் வராது. மூன்றாம் நாளுக்கு மேல் வலியும் சிவப்பும் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். ஆன்டிபயாடிக் தேவையா என்று அவர் சொல்லட்டும்.

உங்கள் மாமியார் கொடுக்கைச் சட்டென்று எடுத்தது மிகச் சரி. தேனீ பறந்துபோன பிறகும் கொடுக்கோடு ஒட்டிய விஷப்பை விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் வழித்தாலும் சரி, கிள்ளி எடுத்தாலும் சரி, நேரம் கடத்தக் கூடாது. கதண்டோ குளவியோ கொட்டினால் பெரும்பாலும் கொடுக்கு தங்காது, தேட வேண்டாம். சுண்ணாம்பை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். விஷம் தோலுக்கு அடியில் போய்விட்டது, மேலே பூசுவது அதைத் தொடாது. பிள்ளையின் தோல்தான் வெந்துபோகும்.

சோப்புத் தண்ணீரில் கழுவி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். விட்டுவிட்டு மறுபடி வைக்கலாம். கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுக்கட்டும். அரிப்புக்கு செட்ரிசின், வலிக்கு பாராசிட்டமால், இரண்டையும் அவன் வயதையும் எடையையும் சொல்லி டாக்டரிடம் அளவு கேட்டுக் கொடுங்கள். சொறியாமல் இருக்க நகத்தை வெட்டிவிடுங்கள்.

நான் பயப்படுவது கை வீக்கத்துக்கு அல்ல. கொட்டாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உடம்பெல்லாம் தடிப்பது, உதடோ நாக்கோ வீங்குவது, மூச்சு இழுப்பது, குரல் கம்முவது, வாந்தி, மயக்கம், இவை பெரும்பாலும் கொட்டிய சில நிமிடங்களிலேயே தொடங்கும். மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டாக வேண்டும். வண்டி வரும்வரை எழுந்து நடக்க விடாமல் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு வாங்கினால் மட்டும் உட்காரவைக்கலாம். வாய்க்குள் கொட்டினாலோ, கூடு கலைந்து நிறையக் கொட்டினாலோ, பையன் நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.