டல்சிமர்ல நாட்டுப்புறப் பாட்டு மட்டும்தானா? கேளுங்க, சொல்றேன்

மடியில வெச்சு வாசிக்கிற அமெரிக்கக் கம்பி வாத்தியம் அப்பலாச்சியன் டல்சிமர் பத்திதான் பேசுறோம். டியூனிங் டி-ஏ-டி, ஆறரை ஃப்ரெட் (ஃப்ரெட்னா வீணையில வர்ற மெட்டு மாதிரி; ஆறரைன்னா ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல கூடுதலா இருக்கிறது) இருக்குன்னு வெச்சுக்கோங்க.

கேள்வி: பெரிய ஆளுங்க யாராவது இதை வேற ஸ்டைல்ல வாசிச்சிருக்காங்களா?

பதில்: ஓ, இருக்காங்களே. ரோலிங் ஸ்டோன்ஸோட 'லேடி ஜேன்'ல (1966) பிரையன் ஜோன்ஸ் வாசிக்கிறது இதுதான். 1971ல வந்த ஜோனி மிட்செலோட 'புளூ' ஆல்பத்துல 'எ கேஸ் ஆஃப் யூ' கேளுங்க, அதுக்கப்புறம் இந்தக் கேள்வியே வராது.

கேள்வி: பாப் பாட்டுக்கு கார்டு (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கிறது) பிடிக்க முடியுமாண்ணா? நான் குச்சி வெச்சு ஒரு கம்பியில மட்டும்தான் வாசிக்கிறேன்.

பதில்: குச்சியை ஓரமா வெச்சுட்டு விரலுக்கு வாங்க. பேஸ், நடு, மெலடின்னு இந்த வரிசையில ஃப்ரெட் நம்பர் சொல்றேன்: டி 0-0-2, ஏ 1-0-1, பி மைனர் 0-1-2, ஜி 0-1-3. பி மைனர்லருந்து ஜிக்குப் போக மெலடி விரலை ஒரே ஒரு ஃப்ரெட் நகர்த்துனா போதும், பாருங்க எவ்ளோ அழகு! இந்த நாலு கார்டை வெச்சே எக்கச்சக்கமான பாப் பாட்டு வாசிச்சிடலாம்.

கேள்வி: ப்ளூஸ்? என்னோடதுல ஒன்றரை ஃப்ரெட் (ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல வர்றது) இல்ல.

பதில்: தாராளமா வரும். நாலாவது ஃப்ரெட்ல கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போடுங்க, ஓப்பன் கம்பி ஏ-இ-ஏ ஆயிடும், மெலடியில 4, 6, 7, 8, 10 வாசிச்சா ஏ மைனர் பென்டடானிக் (ப்ளூஸுக்கு அடிப்படையான அஞ்சு ஸ்வர ஸ்கேல்) அப்படியே கிடைக்கும், ஏழுல கம்பியைத் தள்ளி அரை ஸ்வரம் ஏத்துனீங்கன்னா அதுதான் அந்த அழுகிற ப்ளூ நோட். மெலடி கம்பி ஜோடியா இருந்தா ஒண்ணைக் கழட்டிடுங்க, ரெண்டையும் சேர்த்துத் தள்ளுனா சுருதி பிசகும். டல்சிமர் கலைஞர் பிங் ஃபட்ச் வாசிக்கிற ப்ளூஸையும் தேடிக் கேளுங்க.

கேள்வி: ராகம் வாசிக்கலாமா சார்?

பதில்: டியூனிங்கே ஸ-ப-ஸ தானே! ஓப்பன் டி ஸட்ஜம்னா, ஆறாவது ஃப்ரெட்டோட ஹரிகாம்போதி, அதுக்குப் பதிலா ஆறரை எடுத்தா சங்கராபரணம், ரெண்டுமே இல்லாம, மூணாவது ஃப்ரெட்டையும் விட்டுட்டா மோகனம். கேப்போ நாலுல போட்டு ஆறரையை விட்டுட்டா கரகரப்ரியா. ஜாரு (ஒரு ஸ்வரத்துலருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிப் போறது) நல்லா பேசும். அஞ்சுல கேப்போ போட்டா தோடி ஸ்வரம்கூட வருது, ஆனா அந்தக் கமகம் இல்லாம அது தோடியா இருக்காது, விட்டுடுங்க.

கேள்வி: அப்போ குரோமாட்டிக்கே (பன்னிரண்டு ஸ்வரத்துக்கும் ஃப்ரெட் இருக்கிற டல்சிமர்) வாங்கிடவா?

பதில்: ஜாஸ்தான் உங்க குறின்னா வாங்குங்க, அங்க ஸ்கேல் மாறிக்கிட்டே இருக்கும். மத்தபடி முதல்ல ஒன்றரை ஃப்ரெட் மட்டும் வாத்தியம் செய்றவர்கிட்ட குடுத்து போட்டுக்கோங்க.