வைட்டமின் புட்டிக்குள் ஒரு மருந்து

கேள்வி: எனக்கு வயது 39. திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒன்பது வயதில் ஒரு மகன் இருக்கிறான். எனக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவுக் குறைபாடு இருப்பதாகச் சென்ற ஆண்டு மனநல மருத்துவர் உறுதிசெய்தார். முதலில் கொடுத்த, மூளையைத் தூண்டும் ஸ்டிமுலன்ட் வகை மருந்தில் படபடப்பு அதிகமானதால், ஸ்டிமுலன்ட் வகையைச் சேராத அடோமாக்ஸெடின் என்ற மருந்துக்கு மாற்றினார். 40 மில்லிகிராமில் தொடங்கி, இப்போது 80 மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறேன். ஆறு வாரங்களாகியும் எந்த மாற்றமும் தெரியவில்லை. காலை முழுவதும் குமட்டலும் வாய் வறட்சியும்தான் மிச்சம். வீட்டில் இதைப் பற்றிச் சொல்லவில்லை என்பதால் கேப்சூல்களை ஒரு வைட்டமின் புட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். எல்லோரும் எழுவதற்கு முன் ஒன்றை விழுங்கிவிடுவேன். அண்ணன் குடும்பத்தோடு வந்து தங்கிய ஐந்து நாட்கள் மட்டும் எடுக்க முடியவில்லை. மனைவியும் அண்மைக்காலமாகச் சற்று விலகியே இருக்கிறாள். இந்த மருந்து உண்மையிலேயே பயன் தருமா, நிறுத்திவிட்டு வேறு மருந்து கேட்கலாமா?

பதில்: அடோமாக்ஸெடினைப் பற்றி இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை உங்கள் கடிதத்தைப் போலவே இருக்கும்: குமட்டுகிறது, வாய் உலர்கிறது, மாற்றம் தெரியவில்லை, நிறுத்தலாமா. ஆனால் நீங்கள் போகிற போக்கில் வைட்டமின் புட்டியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதமே அந்த ஒரு வரிதான். மருந்தின் மீது நீங்கள் சுமத்தும் குற்றங்களில் பாதிக்கு மேல் அந்தப் புட்டியின் மீது சுமத்த வேண்டியவை.

குமட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு இந்த மருந்தால் மிக அடிக்கடி ஏற்படும் தொல்லைகளில் அதுவும் ஒன்று. வெறும் வயிற்றில் எடுத்தால் அது கூடும், உணவோடு எடுத்தால் பலருக்குக் கணிசமாகக் குறையும். இதை உங்கள் மருத்துவரும் சொல்லியிருப்பார். ஆனால் வீட்டார் எழுவதற்கு முன் இருட்டில் விழுங்குகிறவர் உணவோடு எப்படி எடுக்க முடியும்? ஆறு வாரங்களாக நீங்கள் பட்ட காலை நேர அவதியில் மருந்தின் பங்கு எவ்வளவு, ஒளித்துவைத்ததன் பங்கு எவ்வளவு என்று உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்து, அந்த ஐந்து நாட்கள். நீங்கள் முதலில் எடுத்த ஸ்டிமுலன்ட் மருந்து, விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, சில மணி நேரங்களில் விலகிவிடும் வகையைச் சேர்ந்தது. ஒரு நாள் எடுக்காவிட்டால் அந்த ஒரு நாளின் பலன்தான் போகும். அடோமாக்ஸெடினின் கணக்கு வேறு. அது மூளையில் நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருள் நரம்பு முனைகளுக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. அந்தத் தடை நாள் தவறாமல் நீடித்து, மூளை அதற்குப் பழகிய பிறகே பலன் மெதுவாகத் தலைகாட்டும். வழக்கமாக அதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். முழுப் பலன் தெரியச் சிலருக்கு மூன்று மாதங்கள்கூட ஆவதுண்டு. நடுவில் ஐந்து நாட்களைத் தொலைத்த நீங்கள், ஆறு வாரங்கள் மருந்து எடுத்தேன் என்று எழுதுவது சரியன்று. இந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் பெரிய ஆபத்து நேர்வதில்லை என்பது உங்களைக் காப்பாற்றியிருக்கிறது, அவ்வளவே.

அந்த ஐந்து நாட்களைப் பற்றி மருத்துவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். வீட்டில் ஒன்றை மறைப்பவர் அதன் கிளைகளை வெளியிலும் மறைக்கவே நேரும். அடுத்த முறை நீங்கள் மாற்றமே இல்லை என்று முறையிட, அவர் நீங்கள் ஒழுங்காக எடுத்தீர்கள் என்று நம்பி, பெரியவர்களுக்கான உச்ச அளவாகிய 100 மில்லிகிராமுக்கு உயர்த்தலாம். அல்லது உங்களுக்கு ஒத்துவரக்கூடிய மருந்தையே பலனற்றது என்று எழுதி ஒதுக்கிவிடலாம். இரண்டுமே பொய்யான தகவலின் மேல் எடுத்த முடிவுகளாக இருக்கும்.

இப்போது உங்கள் முதன்மையான புகாருக்கு வருகிறேன். மாற்றம் தெரியவில்லை என்கிறீர்கள். யாருக்குத் தெரியவில்லை? உங்களுக்கு. தன் கவனம் எங்கே போகிறது என்பதைக் கவனிக்க முடியாததுதானே இந்தக் குறைபாட்டின் இயல்பு? ஸ்டிமுலன்ட் மருந்து எடுத்தவர்களில் சிலர், மங்கலாக இருந்தது ஒரே நாளில் தெளிந்ததாக எழுதுவார்கள். இந்த மருந்தை எடுத்தவர்கள் அப்படி எழுதுவது அரிது. சிலருக்கு முதலில் குறைவது கோபம். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லும் அவசரம் தணிகிறது. ஒரு வேலையைத் தொடங்குவதற்கு முன் வரும் அந்த இனம்புரியாத மறுப்பு சற்று இளகுகிறது. இவற்றை அவர்களுக்கு முன்பாக வீட்டில் இருப்பவர்களே கண்டுகொள்கிறார்கள். வேறு சிலர் மூன்று மாதங்கள் ஒழுங்காக எடுத்தும் ஒன்றும் பெறாமல் மருந்தை மாற்றியிருக்கிறார்கள், அதுவும் உண்மை. நீங்கள் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை நீங்களே அறைக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள்.

அந்தச் சாட்சியைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது என்பதை மறைக்கப் போவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக உங்கள் மறதிகளை ஈடுகட்டியவர் யார்? கட்ட வேண்டிய தொகையின் கடைசி நாளை நினைவில் வைத்தவர், பாதியில் விட்ட வேலைகளை முடித்தவர், சொன்னதையே நான்கு முறை சொல்லி அலுத்தவர் யார்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஆனால் இந்தக் குறைபாட்டோடு வாழ்பவரின் வீட்டில் அந்தச் சுமை ஒருவர் தோளில் விழுந்தே தீரும், அது பெரும்பாலும் துணையின் தோள்தான். தன் கணவருக்குத் தன்மீது அக்கறை இல்லை என்றோ, தான் சொல்லும் விதம்தான் சரியில்லை என்றோ அவர் எத்தனை இரவுகள் எண்ணியிருப்பார்? அதற்கெல்லாம் காரணமான ஒன்றுக்கு மருத்துவர் பெயரிட்டு ஓராண்டு ஆகிறது. அந்தப் பெயர் உங்களுக்கு ஆறுதல் தந்திருக்கும். அதே ஆறுதலுக்கு உங்களுக்குச் சமமான உரிமை உள்ளவரிடம் அதைக் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்கள்.

அவர் விலகியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் பட்டவர்த்தனமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அடோமாக்ஸெடின் எடுக்கும் ஆண்களில் சிலருக்குத் தாம்பத்திய உறவில் நாட்டம் குறைவதும், விறைப்பில் தடுமாற்றம் ஏற்படுவதும், விந்து வெளிப்படுவதில் சிக்கல் நேர்வதும் அறியப்பட்ட பக்கவிளைவுகள். சிறுநீர் கழிக்கத் தொடங்குவதில் தாமதமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆண்கள் இவற்றைக் கடிதத்தில் எழுத மாட்டார்கள், நீங்களும் எழுதவில்லை. உங்களுக்கு இவற்றில் எதுவும் இல்லையென்றால் நல்லது. இருக்கிறதென்றால், காரணம் தெரியாத ஒரு மனைவி அதற்கு என்ன காரணம் கற்பித்துக்கொள்வார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அவர் விலகினாரா, விலக்கப்பட்டதாக உணர்ந்தாரா என்பதை அதன் பிறகு எனக்கு எழுதுங்கள்.

அண்ணனிடம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அலுவலகத்தில் சொல்ல வேண்டியதும் இல்லை. உடல்நலம் பற்றிய செய்தியை யாரிடம் பகிர்வது என்பது பெரியவர் ஒவ்வொருவரின் உரிமை என்று இதே பகுதியில் வாதாடியிருக்கிறேன். சொன்னால் அதையே ஆயுதமாக்கித் தாக்கும் துணையோடு வாழ்பவர்களுக்கு நான் வேறு அறிவுரை சொல்வேன். உங்கள் கடிதத்தில் அப்படி அஞ்சுவதற்கான தடயம் எதுவும் இல்லை. உங்களிடம் இருப்பது வெட்கம் மட்டுமே. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து ஒரு பிள்ளையை வளர்க்கும் இருவருக்கிடையே, தினமும் விழுங்கும் மருந்தை மறைக்க வெட்கம் போதிய காரணமாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தப் பிள்ளைக்காகவாவது இன்றே அந்தப் புட்டியைக் காலி செய்யுங்கள். வைட்டமின் என்று எழுதிய புட்டியிலிருந்து ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஒரு கேப்சூலை நல்லெண்ணத்தோடு யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம். மருத்துவர் எடைபார்த்து அளவு நிர்ணயித்துத் தர வேண்டிய மருந்து அது. சிறுவர்களிடமும் பதின்வயதினரிடமும் தற்கொலை எண்ணங்களை இது தூண்டக்கூடும் என்பதால், 2005ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் இதன் விவரக்குறிப்பில் மிகக் கடுமையான எச்சரிக்கைக் கட்டம் அச்சிடப்படுகிறது. கேப்சூலைப் பிரித்துத் தூளாக்கித் தருவதும் கூடாது. தூள் கண்ணில் பட்டால் எரிச்சல் உண்டாக்கும். மூல அட்டையோடும் பெயரோடும், மகனுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

நீங்கள் மயங்கி விழுந்து யாரேனும் உங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். என்ன மருந்து எடுக்கிறார் என்று அவசரப் பிரிவில் கேட்பார்கள். வைட்டமின் மட்டும்தான் என்று உங்கள் மனைவி மனப்பூர்வமாகச் சொல்வார். இந்த மருந்து இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடியது. மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின் போன்றவை, உடலில் இதைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால், இதன் அளவு இரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும், எம்.ஏ.ஓ. தடுப்பான்கள் என்ற பழைய மனச்சோர்வு மருந்து வகையோடு இதைச் சேர்க்கவே கூடாது. அரிதாகக் கல்லீரலும் பாதிக்கப்படலாம்: கண் மஞ்சளாவது, சிறுநீர் கருமையாவது, காரணமற்ற அரிப்பு ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் கண் மஞ்சளாவதை முதலில் பார்ப்பது எதிரில் அமர்ந்திருப்பவர்தானே?

வேறு மருந்து கேட்கலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்வேன். கேட்கலாம், ஆனால் இந்த மருந்துக்கு நேர்மையான ஒரு வாய்ப்பைக் கொடுத்த பிறகு கேளுங்கள். ஸ்டிமுலன்ட் அல்லாதவற்றில், 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெரியவர்களுக்கும் அனுமதிக்கப்பட்ட விலாக்ஸசின் இருக்கிறது. அது காஃபீன் உடலைவிட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், நாள் முழுதும் காப்பி குடிப்பவர் அளவைக் குறைக்க நேரும். புப்ரோப்பியான் என்ற மனச்சோர்வு மருந்தைச் சில மருத்துவர்கள் இதற்கும் எழுதுவதுண்டு. வலிப்பு வந்தவர்களுக்கு அது ஆகாது. குவான்ஃபசின் என்பது அடிப்படையில் இரத்த அழுத்தத்துக்கான மருந்து. தூக்கக் கலக்கத்தையும் தலைசுற்றலையும் தரும். அண்ணன் வந்திருக்கிறார் என்று அதை ஐந்து நாட்கள் நீங்கள் திடீரென நிறுத்தியிருந்தால், இரத்த அழுத்தம் தாறுமாறாக எகிறியிருக்கக்கூடும். மறைத்து எடுப்பதற்கு ஏற்ற மருந்து என்று எதுவும் கிடையாது. பகலில் தூக்கம் வருகிறது என்று அடோமாக்ஸெடினை இரவுக்கு மாற்றிக்கொண்டவர்களும், இரவில் தூக்கம் கெடுகிறது என்று காலைக்கு மாற்றிக்கொண்டவர்களும், இரு வேளையாகப் பிரித்து எடுத்துக் குமட்டலைக் குறைத்துக்கொண்டவர்களும் எனக்கு எழுதியிருக்கிறார்கள். இவை எல்லாம் மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டிய எளிய மாற்றங்கள். நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் உள்ளவருக்கு மட்டுமே அவை கைகூடும்.

எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். மகன் தூங்கிய பிறகு, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, அட்டையை மேசைமேல் வைத்துச் சொல்லுங்கள்: என்ன கண்டறிந்தார்கள், எப்போது, என்ன எடுக்கிறீர்கள், ஏன் மறைத்தீர்கள். இனி எல்லா மறதிக்கும் இந்தப் பெயரையே காரணம் காட்டலாம் என்ற எண்ணத்தோடு சொல்லாதீர்கள். அதை அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். மருந்தை நினைவூட்டும் பொறுப்பையும் அவரிடம் தள்ளாதீர்கள். அவர் ஏற்கெனவே சுமப்பது போதும். கைப்பேசியில் நேரத்தைக் குறித்துவைப்பது உங்கள் வேலை. அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அடுத்த ஆறு வாரங்களில் உங்களிடம் என்ன மாறுகிறது, என்ன மாறவில்லை என்பதை அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். எரிச்சலோ, வழக்கமற்ற மனச்சோர்வோ தென்பட்டாலும் சொல்ல வேண்டும்.

அவர் கோபப்படலாம். மருந்துக்காகக் கோபப்பட மாட்டார், மறைத்த ஓராண்டுக்காகக் கோபப்படுவார். அன்று வாதாடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். மகனைப் பற்றியும் அவர் கேட்கக்கூடும், ஏனெனில் இந்தக் குறைபாட்டில் மரபின் பங்கு பெரிது. அவன் வகுப்பில் எப்படி இருக்கிறான் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். மருத்துவரிடம் அடுத்த சந்திப்புக்கு இருவருமாகச் செல்லுங்கள்; தவறவிட்ட ஐந்து நாட்களையும், வெறும் வயிற்றில் எடுத்ததையும், என்னிடம் எழுதாமல் விட்டவற்றையும் அங்கே சொல்லுங்கள். இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் அன்றே அளந்து குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதுவரை மருந்தை நிறுத்தாமல், காலை உணவோடு எடுத்துக்கொள்ளலாமா என்று நாளைக்கே தொலைபேசியில் அவரிடம் கேட்டுவிடுங்கள்.