பார்க்கின்சன் உள்ள அப்பா நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் அப்படியே நின்றுவிடுகிறார். நடைக்கும் யோசனைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நான் டாக்டர் இல்லை. அம்மாவுக்கு இந்த நோய் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கூடவே நடந்தும், அவரைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டும், கொஞ்சம் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. அம்மா தண்ணீர் டம்ளரோடு வந்துகொண்டிருந்தார். "மாமாவுக்கு போன் பண்ணியாச்சா?" என்று கேட்டேன். சட்டென்று நின்றார், யோசித்தார், பதில் சொன்னார், அப்புறம்தான் கால் நகர்ந்தது. "நடந்துகிட்டே சொல்லேம்மா" என்று எரிச்சல்பட்டேன். "ரெண்டும் சேர்ந்து வரமாட்டேங்குதுடா" என்றார். அதைவிடச் சரியாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

நமக்கெல்லாம் நடை பழகிப்போன வேலை. மூளையின் ஆழத்தில் உள்ள சில நரம்பு முடிச்சுகள் அதைக் கவனித்துக்கொள்ளும். நாம் வேறு எதையாவது நினைத்துக்கொண்டு நடக்கலாம். பார்க்கின்சனில் டோபமைன் என்ற மூளை ரசாயனம் முதலில் வற்றுவது பெரும்பாலும் அந்தப் பழக்க வேலைகளைப் பார்க்கும் பகுதியில்தான். உடனே மூளையின் முன்பகுதி அந்த வேலையையும் ஏற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு அடியையும் கவனம் வைத்துப் போட வேண்டியிருக்கிறது. திட்டமிடுவது, கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எல்லாம் அதே இடத்து வேலை. நீங்கள் கேள்வி கேட்டால் இரண்டும் மோதுகின்றன.

ஒரு விஷயம் உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம்: அப்பா நிற்பது, நிற்காமல் போவதைவிட நல்லது. பொதுவாக எவரும் தடுமாறும் இடத்தில் பேச்சை விட்டுவிட்டுக் காலைப் பார்ப்பார்கள். பார்க்கின்சன் உள்ள சிலர் தலைகீழாக, பதிலில் கவனம் வைத்து நடையைக் கோட்டை விடுகிறார்கள். விழுவது அப்போதுதான். அதற்காக நிற்பதை அலட்சியம் செய்யவும் முடியாது. 1997-இல் ஸ்வீடனில் முதியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், பேசினால் நின்றுவிட்ட 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்தில் விழுந்தார்கள். அது பார்க்கின்சன் நோயாளிகளுக்கான ஆய்வு இல்லை, ஆனாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய அறிகுறிதான்.

இதை மறதி நோய் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். நடையோடு அதிகம் ஒட்டியிருப்பது ஞாபகத்தைவிட, கவனமும் திட்டமிடலும்தான். 1817-இல் இந்த நோயை விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சன், அறிவு பாதிக்கப்படுவதில்லை என்றே எழுதினார். அவர் விவரித்த ஆறு பேரில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. கூடவே நடந்து பேச்சுக் கொடுத்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பாரோ என்னவோ!

மாத்திரையைப் பற்றி: டோபமைனை ஈடுகட்டும் லெவோடோபா போட்டதும் அம்மாவின் அடி நீளும், வேகம் கூடும். ஆனால் ஓர் அடி நீளம், ஓர் அடி குட்டை என்ற ஒழுங்கின்மை அவ்வளவாகப் போகவில்லை. காரணம் டோபமைன் மட்டும் இல்லை, கவனத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு ரசாயனமும் குறைகிறது. மறதி நோய்க்குத் தரும் ரிவாஸ்டிக்மின் மருந்தை 130 பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதித்து, அடிகளின் ஒழுங்கு மேம்பட்டதாக 2016-இல் பிரிட்டனில் அறிவித்தார்கள். குமட்டல் போன்ற தொல்லைகளும் வந்தன. நாமாக வாங்கிப் போடும் மருந்து இல்லை அது.

அப்புறம், டாக்டர் முன்னால் அம்மா ராஜநடை நடப்பார். நேரான வெற்று வராந்தா, கவனம் முழுக்கக் காலில். நடக்காமல் என்ன செய்வார்? வீட்டில் திரும்ப வேண்டும், கதவைத் தாண்ட வேண்டும், நடுவில் போன் அடிக்கும். இடுப்பில் சென்சார் கட்டி அன்றாட நடையை அளந்தவர்களும், அது ஆய்வகத்தில் நடப்பதைவிட மெதுவாகவும் சீரற்றும் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். வீட்டு நடையை போனில் படம் எடுத்துக் கொண்டுபோனேன். அதைப் பார்த்த பிறகுதான் டாக்டர் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே பக்கத்தில் ஆள் நிற்க, நடந்துகொண்டே எண் சொல்லும் பயிற்சியும் தருகிறார்கள். வீட்டில் தனியாக அதைச் செய்யவிட மாட்டேன்.

இப்போது நாங்கள் அம்மா உட்கார்ந்த பிறகுதான் கேள்வி கேட்கிறோம். கையில் எதையும் கொடுத்து நடக்க விடுவதில்லை.

ஆனால் நடையும் தெளிவும் சேர்ந்து இரண்டு மூன்று நாளில் திடீரென மோசமானால், நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அம்மாவுக்கு ஒரு தடவை அப்படி ஆனபோது சிறுநீர்த் தொற்றுதான் காரணம். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.